கோழிவலைப் பாறை

பாறையின் வயிற்றுக்குள் தோள் வரை கையை விட்டு எதையோ திருகிக்கொண்டிருந்தார் மேஸ்திரி. முகம் மட்டும் வெளியே, மேலே கட்டியிருந்த பச்சை வலையைப் பார்த்தபடி. ஒரு திருகு, ஒரு இழுப்பு. பழைய இன்ஜின் ஆயில் தடவிய நாலங்குல பி.வி.சி. குழாய்த் துண்டு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அது இருந்த இடத்தில் ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலையில் ஒரு மஞ்சள் லாரி போனது தெரிந்தது.

ஓட்டையின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். குழாய் வைத்த இடம் என்று காட்டிக்கொடுக்கும்படி வட்டம் அத்தனை சுத்தமாக இருந்தது. கரணையை எடுத்து, இன்னும் இறுகாத சிமென்டை ஒரு பக்கம் சுரண்டி, மறுபக்கம் கொஞ்சம் அப்பினார். நனைத்த ஸ்பாஞ்சால் ஒற்றினார். வட்டம் கோணலாயிற்று. தண்ணீர் அரித்த பொந்தாயிற்று. நாலடி பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, மறுபடி போய் இன்னும் கொஞ்சம் சுரண்டினார்.

வேலப்பன்சாவடியில் சர்வீஸ் ரோட்டை ஒட்டிய நர்சரி அது. முன்வரிசையில் விற்கிற சரக்கு: காகிதப்பூ, அரிகா பனை, மணி பிளான்ட், கண்ணாடிக் குவளையில் லக்கி பாம்பூ, சிரிக்கிற புத்தர், சிரிக்காத புத்தர். பின்பக்கம் தகரக் கொட்டகை, அதை ஒட்டி இரண்டு வாழை, சிமென்ட் மூட்டை, கம்பி, கோழிவலை. நான் வாங்கிய மண் தொட்டியைக் கட்டிக்கொடுக்க வேண்டிய பையன் சாப்பிடப் போயிருந்தான். கவிழ்த்த தொட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் கவனிக்கவில்லை; அது எனக்குச் சௌகரியமாகவே இருந்தது.

பாறை ஆறடி உயரம். அடியில் ஒடுங்கி, நடுவில் இடுப்பை வெட்டி, மேலே போகப் போகக் கனத்து, எப்போது சாயுமோ என்று தோன்றும்படி நின்றது. கம்பிக்கூடு, அதன்மேல் இரண்டு சுற்றுக் கோழிவலை, அதற்கு மேல் சிமென்ட். ஓட்டைகள் ஏழெட்டு இருக்கும்.

வெள்ளைக் காரில் வந்து இறங்கினார்கள் அதற்குச் சொந்தக்காரர்கள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையைக் கழற்ற மறந்த கணவர், கையில் போனோடு மனைவி, குடையோடு கணவரின் அம்மா.

"மேஸ்திரி, இதான் நம்ம கல்லா?"

"இதான் சார். நாளைக்கு டச்சிங் குடுத்து, வெள்ளிக்கிழம ஏத்திடலாம்."

அம்மா குடை நுனியால் பாறையைத் தொட்டுப் பார்த்தார். "என்னப்பா, ஓட்டை ஓட்டையா இருக்கு?"

"ஓட்டைக்குத்தாம்மா காசே."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். ஆனால் அது வேடிக்கைப் பேச்சு இல்லை. சீனாவின் சூசோ நகருக்குப் பக்கத்தில் தாய்ஹூ என்றொரு பெரிய ஏரி. அதன் அடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீர் காலங்காலமாக அரித்துத் தேன்கூடு மாதிரி ஆக்கிவிடும். அந்தக் கல்லுக்குத்தான் அங்கே ஆயிரம் ஆண்டுகளாக மவுசு. கல் ஒல்லியாக இருக்க வேண்டும், சுருக்கம் விழுந்திருக்க வேண்டும், ஊடே வெளிச்சம் போக வேண்டும், மேலே ஊற்றிய தண்ணீர் வேறெங்கோ கசிந்து வர வேண்டும். இந்த நாலு லட்சணத்தையும் வகுத்தவர் என்று சொங் காலத்து ஓவியரும் அதிகாரியுமான மி ஃபூவைச் சொல்வார்கள். பதவியேற்கப் போன ஊரில் ஒரு விசித்திரமான கல்லைப் பார்த்து, உத்தியோக உடையோடேயே குனிந்து வணங்கி, அதை 'அண்ணா' என்று அழைத்தாராம் மனிதர்.

கல் என்பது சீனர்களுக்கு மலை. மலைக்குப் போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்ற ஆசை உள்ள, ஆனால் குடும்பமும் சம்பளமும் ஊரில் இருக்கிற படித்தவனுக்கு, மலை முற்றத்துக்கு வந்து நிற்கிறது. கெட்டியான கல்லின் பக்கத்தில் மெத்தென்ற தண்ணீர். இரண்டும் சேர்ந்தால் ஒரு நிலப்பரப்பு முழுமை. ஓட்டைகள் கல் மூச்சு விடும் வழி. நல்ல கல் கிடைக்காதபோது சாதாரணக் கல்லில் துளை குடைந்து, ஏரியில் போட்டு, அலை மிச்ச வேலையைச் செய்யட்டும் என்று பேரப்பிள்ளைகள் காலம் வரை காத்திருப்பதும் உண்டாம். அவ்வளவு பொறுமை வேலப்பன்சாவடியில் யாருக்கும் கிடையாது, அதனால் பி.வி.சி. குழாய். ஏமாற்று என்று பார்த்தால் இரண்டும் ஏமாற்றுதான். வேலை சுத்தமாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இந்தக் கல் மோகம் ஓர் அரசையே கொண்டுபோனது என்றும் சொல்வார்கள். ஹுய்சோங் என்ற சொங் பேரரசர் நல்ல ஓவியர், நிர்வாகம்தான் சுமார். தலைநகர் கைஃபெங்கில் செயற்கை மலை எழுப்பத் தெற்கிலிருந்து படகு படகாகக் கல் கொண்டுவரச் சொன்னார். கல் உயரமாக இருந்தால் வழியில் உள்ள பாலத்தை இடித்துக்கொண்டு போனார்கள். ஜனங்கள் வயிறெரிந்து, 1120இல் தெற்கே கலகம் வெடித்தது. 1127இல் வடக்கிலிருந்து வந்த ஜின் படை தலைநகரைப் பிடித்து, ராஜாவையே கைதியாக ஓட்டிக்கொண்டு போயிற்று.

மேஸ்திரிக்கு இந்தக் கதை தெரிந்திருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கணவர் கேட்டார்: "நீங்க இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"சிங்கப்பூருதான் சார். ஜூராங்ல சைனாத் தோட்டம் இருக்குல்ல, அங்க கிடந்தேன் ரொம்ப வருசம். கல்லு தூக்க, கொப்பு வெட்ட."

பேச்சில் அறந்தாங்கிப் பக்கத்து வாடை. ஜூராங் தோட்டம் 1975இல் திறந்தது; தைவானைச் சேர்ந்த பேராசிரியர் யூ யுவன்சென் வரைந்து கொடுத்தது. வெள்ளைக் கல்லில் பதின்மூன்று வளைவுப் பாலம், ஏரிக்கரையில் ஏழடுக்கு கோபுரம், கல் படகு எல்லாம் உண்டு. ஆனால் அந்தப் பெரிய தோட்டம் பெய்ஜிங் அரண்மனைப் பாணி. ராஜா வீட்டுத் தோட்டம். தூரத்திலிருந்தே தெரியும், தெரிய வேண்டும். படித்தவன் வீட்டுத் தோட்டம் வேறு ஜாதி. அதன் சாயலைப் பார்க்க, அதே வளாகத்தில் 1992இல் சூசோ பாணியில் கட்டிய போன்சாய்த் தோட்டத்துக்குப் போக வேண்டும்: வெள்ளைச் சுவர், கறுப்பு ஓடு, வட்ட வாசல், மூலைக்கு ஒரு கல்.

"நான் இருந்தது அந்தச் சின்னதுல," என்றார் மேஸ்திரி, கேட்காமலே. "பெருசுல நடந்து நடந்து காலு போயிரும்."

வீட்டின் முன்பக்கத்தைப் போனில் வீடியோ எடுத்து வந்திருந்தார் மனைவி. திருவேற்காட்டுப் பக்கம், கோயிலுக்கு அப்பால், அரை கிரவுண்டில் வீடு. கார் நிற்கிற இடம் போகப் பன்னிரண்டுக்குப் பத்தடி மிச்சம். மேஸ்திரி படத்தைப் பெரிதாக்க விரலை வைத்தார். சிமென்ட் காய்ந்த விரலுக்குத் திரை மசியவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார், ம்ஹூம். "எங்க வேணும் சொல்லுங்க," என்று மனைவியே பெரிதாக்கினார்.

"கேட்டைத் தெறந்தா நேரா தெரியிற எடத்துல கல்லு, அதுக்கு முன்னாடி தண்ணி, பக்கத்துல ரவுண்டா ஒரு வாசல்," என்றார் கணவர். "ரோட்ல போறவங்க பாத்தாலே தெரியணும்."

"தெரியக் கூடாது சார்."

கணவர் மனைவியைப் பார்த்தார். மேஸ்திரி கரணையால் தரையில் கோடு போட ஆரம்பித்தார். கேட். கேட்டுக்கு ஐந்தடியில் ஒரு குட்டைச் சுவர். சுவரில் ஒரு ஜாலி. "உள்ள வந்தா செவுரு தட்டும். ஜாலி வழியா ஒரு துண்டு பச்சை தெரியும். என்னடான்னு இப்படித் திரும்புனா, வட்ட வாசல். வாசலுக்குள்ள பாதிக் கல்லு. இன்னும் ரெண்டடி வச்சாத்தான் முழுக் கல்லு. மொத்தமும் கேட்டுலயே தெரிஞ்சா அப்பறம் எதுக்கு உள்ள வரணும்?"

பத்தடி இடத்தை முப்பதடியாக்கும் கணக்கு அது. சூசோவின் பழைய தோட்டங்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் நிற்கின்றன. யுனெஸ்கோ 1997இல் நான்கையும் 2000இல் இன்னும் ஐந்தையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் பெயர்பெற்ற மீனவர் தோட்டம் வீட்டையும் சேர்த்தே ஒன்றரை ஏக்கருக்குள் அடக்கம். சோஜெங் யுவான் என்ற பெரிய தோட்டத்தில், பழைய வாசல் வழியே நுழைந்தால் கண்ணுக்கு எதிரே ஒரு கல்மலை வழி மறிக்கும். அதைச் சுற்றிக்கொண்டு போனால்தான் குளம். பாலம் நேராகப் போகாது, மடிந்து மடிந்து போகும். பேய் நேர்க்கோட்டில்தான் நடக்கும், மடிப்பில் விழுந்துவிடும் என்று வழிகாட்டிகள் கதை சொல்வார்கள். எனக்கென்னவோ அது பேய்க்குக் கட்டியதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு மடிப்பிலும் கால் தயங்கும், தலை திரும்பும், வேறொரு மரம் கண்ணில் படும். மனிதனை மெதுவாக்கக் கட்டியது.

சுவர்களில் உள்ள பூவேலைச் சாளரங்களும் அதே ஜோலிதான் பார்க்கின்றன. சூசோவில் காங்லாங் மண்டபம் என்ற தோட்டத்தில் மட்டும் 108, ஒன்று போல் ஒன்று இருக்காது. வெள்ளைச் சுவர் காகிதம். அதன்மேல் மூங்கிலின் நிழல் விழுந்தால் மையால் வரைந்த சித்திரம். சென்னையில் எழுபதுகளில் கட்டிய வீடுகளின் மாடிப்படிச் சுவரிலெல்லாம் சிமென்ட் ஜாலி இருந்தது. வெயில் அதன் வழியே படியில் விழுந்து நகர்வதைப் பார்த்தே பல மதியங்களைப் போக்கிய தலைமுறை ஒன்று உண்டு. இப்போது அந்த இடத்தில் கண்ணாடி.

கணவருக்கு மனம் ஒப்பவில்லை. "இவ்ளோ செலவு பண்றது நாலு பேர் பாக்கத்தானே மேஸ்திரி?"

நியாயமான கேள்விதான். ஆனால் சூசோவில் தோட்டம் போட்டவர்கள் பெரும்பாலும் நாலு பேர் கண்ணில் படாமல் இருக்க விரும்பியவர்கள். காங்லாங் மண்டபத்தைக் கட்டிய சூ ஷுன்சினை எடுத்துக்கொள்ளுங்கள். தலைநகரில் அதிகாரி. 1044இல் தன் அலுவலகத்துக் கழிவுக் காகிதத்தை விற்று, அந்தக் காசில் சகாக்களுக்கு விருந்து வைத்தார். அதுவரை எல்லாரும் செய்துவந்த வழக்கம்தான். எதிர்க்கட்சிக்காரர்கள் அதையே அரசுப் பணக் கையாடல் என்று கிளப்பி, அவரை வேலையிலிருந்து தூக்கினார்கள். பழைய பேப்பர் போட்டதற்கு உத்தியோகம் போன மனிதர் சூசோவுக்கு வந்து, நாற்பதாயிரம் காசுக்கு ஒரு பாழ்நிலத்தை வாங்கி, தண்ணீர் ஓரமாக மண்டபம் கட்டி உட்கார்ந்தார்.

சோஜெங் யுவானைப் போட்ட வாங் சியன்செனும் மிங் அரசவையில் பகையைச் சம்பாதித்துக்கொண்டு, 1509 வாக்கில் ஊர் திரும்பியவர். காய்கறி போட்டு விற்பதுதான் கையாலாகாதவனின் அரசாட்சி என்று தன்னையே கேலி செய்துகொள்கிற மாதிரி தோட்டத்துக்குப் பெயர் வைத்தார். நண்பரான ஓவியர் வென் செங்மிங் 1533இல் அந்தத் தோட்டத்தை முப்பத்தொரு காட்சிகளாக வரைந்து கொடுத்தார். அப்பா செத்ததும் மகன் ஒரே ராத்திரிச் சூதாட்டத்தில் தோட்டத்தைத் தோற்றான் என்பது வழிவழியாக வரும் கதை. முப்பத்தொரு காட்சிகளையும் சூதில் வைக்க முடியவில்லை.

ஆக, அது தோற்றவர்களின் கலை. தெருவைப் பார்த்த பக்கம் வெறும் சுவர். உள்ளே வந்தவனுக்குத்தான் மூங்கில் வளைந்து கொடுக்கும் ஆனால் ஒடியாது, தாமரை சேற்றில் நின்றாலும் அழுக்காகாது, பைன் மரம் குளிரில் இலை உதிர்க்காது என்பதெல்லாம். வேலை போனவன் தன்னைத் தேற்றிக்கொள்ளச் செடிகளிடம் ஒப்படைத்த வசனங்கள். மாதத் தவணை கட்டிப் புது வீடு எழுப்பியவருக்கு இந்த வசனம் எதற்கு? அவர் ஜெயித்ததைச் சொல்ல வேண்டும். கல் கேட்டிலேயே தெரிய வேண்டும் என்று அவர் கேட்பதில் தப்பில்லை. கேட்கிற இடம்தான் பொருந்தவில்லை.

இதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சீனாவில் முன்பு ஜி செங் என்பவர் ஒருமுறை இப்படி வாய்விட்டார். அடுத்தவர் கல் அடுக்குவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "ஏன் சிரிக்கிறாய், நீதான் செய்து காட்டேன்" என்று மாட்டிக்கொண்டார். செய்து காட்டினார், மலை போலவே இருந்தது, அதிலிருந்து தோட்டக் கலைஞரே ஆகிவிட்டார். 1631இல் தோட்டக் கலைக்கென்று முழுநூல் எழுதினார். சீனாவில் அது ஏறக்குறைய மறைந்துபோய், ஜப்பானில் தங்கிய பிரதிகளின் தயவில் 1930களில் மீண்டது. கை வேலைக்காரனைவிடத் திட்டம் வகுப்பவனே முக்கியம் என்பது அந்த நூலின் கட்சி. வேலப்பன்சாவடிக் கொட்டகையில் அதை ஒத்துக்கொள்வது கஷ்டம். இங்கே திட்டம் கரணை நுனியில் இருந்தது.

"இது என்ன மரம்?" மேஸ்திரி திரையின் ஓரத்தைக் காட்டினார்.

"பக்கத்து வீட்டுத் தென்னைங்க."

"அப்ப இந்த மூலையில காம்பவுண்டை ஏத்தாதீங்க. தென்னை நம்ம கல்லுக்குப் பின்னாடி வரும். காசில்லாம ஒரு மரம்."

"அவங்க மரம் மேஸ்திரி. நாளைக்கு வெட்டிட்டாங்கன்னா?"

"வெட்டுற வரைக்கும் நம்மளுது."

ஜி செங் மிக உயர்த்திப் பேசுகிற சங்கதி இதுதான்: வெளியே இருக்கும் காட்சியைக் கடன் வாங்குவது. சோஜெங் யுவானின் குளக்கரையில் நின்றால் நகரத்துக்குள் எங்கோ இருக்கும் வடகோயில் கோபுரம் தோட்டத்துக்குள் நிற்பது போலவே தெரியும். யாருக்கும் வாடகை கொடுக்க வேண்டியதில்லை. வேலப்பன்சாவடியில் கடன் வாங்க என்ன இருக்கிறது என்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். மேம்பாலம், செல்போன் டவர், ஒரு நகைக்கடை விளம்பரத்தில் பத்தடி மூக்குத்தி. தென்னை பரவாயில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னறிவிப்புக் கிடையாது. சடசடவென்று பிடித்துக்கொண்டது. ஒடிசாப் பையன் ஓடிவந்து ஈரப் பாறைமேல் தார்ப்பாய் போர்த்தினான். "தீரே, தீரே," என்று கத்தினார் மேஸ்திரி. ஜூராங்கில் சீனமும் இங்கே இந்தியும் வேலைக்கு வேண்டிய அளவு வந்திருக்கிறது. எல்லோரும் தகரத்துக்கு அடியில் வந்தார்கள். தகரத்தின் இரைச்சலில் பேச்சு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மழை தணிந்தபோதுதான் கொட்டகை ஓரத்து வாழை தனியாகக் கேட்டது. தகரத்தின் சத்தம் அல்ல அது. அடியில் கனமும் மேலே விரிவும் உள்ள சத்தம். ஒவ்வொரு துளிக்கும் இடைவெளி இருந்தது.

"வாழைல மழை பேஞ்சா எனக்குத் தூக்கம் வந்துரும்," என்றார் அம்மா. "எங்க அம்மா வீட்டுல கெணத்தடில இருந்துச்சு. ஏம்பா, இந்தத் தோட்டத்துல வாழை வெப்பாங்களா?"

"வெப்பாங்கம்மா. மழைச் சத்தம் கேக்கணும்னே வெப்பாங்க."

உண்மை. சோஜெங் யுவானுக்குள் 'மழை கேட்கும் மண்டபம்' என்றே ஒன்று இருக்கிறது. சின்னக் குளம், சுற்றி மூங்கில், வாழை. பார்ப்பதற்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை. மழை நாளில் போய் உட்கார வேண்டும். ஒரே மழை தாமரை இலையில் ஒரு மாதிரி, வாழையில் ஒரு மாதிரி, மூங்கிலில் ஒரு மாதிரி. காய்ந்த தாமரை இலைகளைப் பிடுங்காமல் மழைக்கென்றே விட்டுவைப்பதைச் சொல்லும் ஒரு பழைய கவிதை வரியிலிருந்து பெயர் பெற்ற இன்னொரு மண்டபமும் அதே தோட்டத்தில் உண்டு. மீனவர் தோட்டத்தின் ஒரு முற்றத்தை மாதிரியாக வைத்து, சூசோக் கைவினைஞர்களைக் கொண்டு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கட்டினார்கள், 1981இல் திறந்தது. கல், தூண், ஓடு எல்லாம் அச்சு அசல். மேலே மட்டும் கண்ணாடிக் கூரை. மழை உள்ளே வராது.

"முன்னாடி வாழையா?" மனைவி முகத்தைச் சுளித்தார். "என்னங்க, கல்யாண வீடு மாதிரி இருக்கும்."

"முன்னாடி வேணாம்மா," என்றார் மேஸ்திரி. "பெரியம்மா ரூம் ஜன்னலுக்குப் பின்னாடி ரெண்டு வெப்போம். வாழை கண்ணுக்கு இல்ல, காதுக்கு."

அத்தையின் விஷயம் என்பதால் மனைவி மேற்கொண்டு பேசவில்லை. பேச்சு வாஸ்துவுக்குப் போனது. கனம் தென்மேற்கில் இருக்க வேண்டும், தண்ணீர் ஈசானிய மூலையில். ஈசானிய மூலையிலோ கார். இதற்கு மேஸ்திரியிடம் பதில் தயாராக இருந்தது. இந்தக் கேள்வியைக் கேட்காத வீடே இருக்காது போல. காரை நகர்த்த முடியாது என்று முடிவாகி, தண்ணீர்த் தொட்டியை இரண்டடி கிழக்கே தள்ளி, அது ஈசானியம்தான் என்று எல்லோரும் சேர்ந்து ஒத்துக்கொண்டார்கள்.

"தண்ணின்னா கொசு வருமே," என்றார் மனைவி. "போன வருஷம் இவருக்கு டெங்கு."

"கப்பி மீன் விட்டா கொசுப் புழுவெல்லாம் தின்னுரும்."

"மீனுக்கு யாரு சோறு போடறது? தண்ணியே வேணாமே. வெள்ளைக் கூழாங்கல் கொட்டி, தண்ணி அலை மாதிரி கோடு இழுத்து விடுறாங்க பாருங்க, ரீல்ஸ்ல பாத்தேன். அதுவும் சைனீஸ்தானே?"

மேஸ்திரி பீடியைக் காதிலிருந்து எடுத்தார், பற்றவைக்கவில்லை. "அது ஜப்பான்காரன் வேலைம்மா. ஜூராங்ல ஜப்பான் தோட்டம் தனி. பாலத்தைத் தாண்டி அங்குட்டுப் போகணும்."

கணவர் நிமிர்ந்தார். "பாலம் தாண்டினா எவ்ளோ குறையும்?"

மேஸ்திரி மனசுக்குள் தொட்டி, மோட்டார், பிளம்பிங் எல்லாவற்றையும் கழித்தார். "ஒரு பதினெட்டாயிரம் குறையும் சார்."

"தாண்டிடலாம்," என்று கணவர் போனை எடுத்தார். "அட்வான்ஸ் ஜிபே பண்ணவா?"

"பண்ணுங்க சார். நம்பர் செவுத்துல எழுதியிருக்கு."

"வாழை ரெண்டும் அந்த ரேட்லயேதானேப்பா?" என்றார் அம்மா.